உறையைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றுங்கள்: முதல் முறை ஹிஜாமா எடுக்கப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் சட்டையைக் கழற்றினால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "என்ன அண்ணாச்சி, இட்லித் தட்டு மேல படுத்து எந்திச்சியளா?" முதுகில் நாவல்பழ நிறத்தில் ஏழெட்டு வட்டம் இருந்தால் கேட்காமல் என்ன செய்வார்கள். ஹிஜாமா, அதாவது முதுகில் கப் வைத்து, கீறி, ரத்தம் எடுக்கும் வைத்தியம், எடுத்தேன் என்று சொன்னதும் மூன்று கேள்வி வரும். எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு ஆச்சு, வலிக்குமா? பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை: பிளேடு புதிதா, கப் புதிதா?

நான் வைத்தியன் இல்லை. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். குனிந்தே இருந்து பிடரியும் தோள்பட்டையும் கல்லாகிப்போய், மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனதில் ஆரம்பித்த பழக்கம். நல்ல கையிலும் படுத்திருக்கிறேன், மோசமான கையிலும் படுத்திருக்கிறேன். படுத்ததில் தெரிந்ததையும், அப்புறம் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இது என்ன சமாச்சாரம்

சூடான இட்லியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடிவிட்டு, ஆறின பிறகு திறந்து பார்த்திருக்கிறீர்களா? மூடி வராது. உள்ளே இருந்த சூடான காற்றும் ஆவியும் ஆறிச் சுருங்கியதால் மூடி உள்பக்கமாக இழுபட்டு நிற்கும். கப் வைப்பதும் இதேதான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, கண்ணாடிக் கப்புக்குள் ஒரு விநாடி காட்டி எடுத்துவிட்டு, கப்பை முதுகில் கவிழ்ப்பார்கள். உள்ளே காற்று ஆறச் சுருங்கும், தோலும் அதன் கீழுள்ள சதையும் மேலே இழுபடும். இப்போது நம் பக்கம் பெரும்பாலும் நெருப்பு கிடையாது. பிளாஸ்டிக் கப், அதன் தலையில் ஒரு வால்வு, துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பு. இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் கப் கவ்விக்கொள்ளும்.

எங்கள் ஆச்சிக்கு ஹிஜாமா என்ற சொல்லே தெரியாது. ஆனால் வயிற்றில் வாயு பிடித்தால், காசைத் துணியில் முடிந்து திரி மாதிரி நிறுத்தி, எண்ணெய் தொட்டுக் கொளுத்தி, தொப்புள் பக்கத்தில் வைத்து மேலே செம்பைக் கவிழ்த்துவிடுவாள். செம்பு 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு யாரும் அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வயிற்றுத் தோல் வெந்து போகும்.

இதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் போய்ப் படுப்பவர்கள்தான் அதிகம். ஒன்று, வெறும் கப்: உறிஞ்சி வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள், ரத்தம் வராது. இன்னொன்று, கீறி எடுப்பது: கப் வைத்துச் சதை திரண்டதும் மேல்தோலில் மெல்லக் கீறி, மறுபடி கப் வைத்து ரத்தம் எடுப்பார்கள். ஹிஜாமா என்று நம் ஊரில் சொன்னால் பெரும்பாலும் இரண்டாவதுதான். உறிஞ்சுதல் என்ற பொருள் உள்ள அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. முஸ்லிம் மக்களுக்கு அது வைத்தியம் மட்டுமல்ல, நபிவழி என்ற மதிப்பும் உண்டு. யுனானி மருத்துவத்தில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. யுனானி என்றால் கிரேக்கம் என்றுதான் பொருள். ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்க வைத்தியம் அரபு ஹகீம்கள் கைவழியாக இந்தியாவுக்கு வந்தது. சித்த மருத்துவத்துக்கும் இது அந்நியம் இல்லை. புற மருத்துவம் என்று அதில் எண்ணும் 32 முறைகளில் உறிஞ்சல், கீறல், குருதி வாங்கல், அட்டை விடல் எல்லாம் வரும். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் வட்டத் தடங்களோடு நீச்சல் குளத்தில் நின்ற பிறகுதான் ஜிம் பையன்களுக்கும் இது தெரிய வந்தது.

எந்த வலிக்குப் போகலாம்

பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் பொழுது சாயும்வரை அதே இருப்பு. மேலப்பாளையம், முக்கூடல், கடையநல்லூர் எங்கே போனாலும் பிடரி வலி இல்லாத பீடிக்காரியைக் காண்பது அரிது. தறிக்காரர், தையல்காரர், லாரி டிரைவர், என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர், எல்லோருக்கும் இதே கதைதான். இந்த மாதிரித் தசை இறுக்கத்துக்குக் கப் வைத்தால் பல பேருக்குச் சில நாளோ சில வாரமோ லேசாக இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆய்வுகளும் கழுத்து, இடுப்பு வலி கொஞ்ச காலத்துக்குக் குறையலாம் என்கிற அளவில்தான் நிற்கின்றன, அந்த ஆய்வுகளும் அவ்வளவு பலமானவை இல்லை. மாத்திரை என்றால் நிஜ மாத்திரை எது, சும்மா மாத்திரை எது என்று ஆளுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்க்கலாம். முதுகில் கப் கவ்வுகிறதா இல்லையா என்பதை எப்படி மறைப்பது? அதனால் எவ்வளவு கப்பின் பலன், எவ்வளவு மனசின் பலன் என்று பிரிப்பது கஷ்டம்.

சர்க்கரை போகும், பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம், கிட்னி சரியாகும், குழந்தை பிறக்கும் என்று போர்டில் எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு வெளியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. இடது தோளும் கையும் வலித்து, நெஞ்சில் பாரம், வியர்வை என்று இருந்தால் அது கப் வைக்கிற வலி இல்லை. நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிய வலி. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, இவையும் அப்படித்தான். முதலில் டாக்டர்.

யார் போகவே கூடாது

ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், சின்னப் பிள்ளைகள், தோல் காகிதமாகிப்போன வயதானவர்கள். "ஹிஜாமாவுக்காக ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். இதய மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரைத் தவிர வேறு யாரும் அதை நிறுத்தச் சொல்லக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் கீறி எடுக்கும் முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம். சின்னக் கீறல் பட்டாலும் தடித்துப் பொங்கி நிற்கும் தோல் சிலருக்கு உண்டு. காது குத்திய இடம் அப்படி ஆன அனுபவம் இருந்தால் கீறலே வேண்டாம். சுருண்ட நரம்பு, புண், படர்தாமரை, மச்சம் இவற்றின் மேல் கப் வைக்க விடாதீர்கள்.

இடம் தேடுவது

இதற்குத்தான் மெனக்கெட வேண்டும். முதலில் கேட்க வேண்டியது படிப்பு. யுனானி என்றால் பி.யு.எம்.எஸ்., சித்தா என்றால் பி.எஸ்.எம்.எஸ்.; பெயருக்குப் பக்கத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1964-இல் தொடங்கியது. காலையில் வெளிநோயாளிச் சீட்டு எடுத்து வலியைக் காட்டுங்கள். கப்பே தேவையில்லை, ஒற்றடமும் தொக்கணமும் (பிடித்துவிடுவது) போதும் என்று அவர்கள் சொல்லலாம். அதுவும் லாபம்தானே.

அடுத்தது பிளேடு. நீங்கள் பார்க்க, உங்கள் கண் முன்னால், உறையைக் கிழித்து எடுக்க வேண்டும். முன்னாலேயே தட்டில் எடுத்து வைத்திருந்தால் வேறு பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னுடைய வைத்தியர் உறையைக் கையில் கொடுத்துத் தேதியைப் பார்க்கச் சொல்வார்.

பிளேடைக் கேட்கிறவர்கள்கூடக் கப்பை மறந்துவிடுகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு தடவை அவசரத்தில், வழியில் பார்த்த போர்டை நம்பி நுழைந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் எழுந்து போனார். அவருக்கு வைத்த கப்புகளைப் பையன் குழாயில் அலசி, தோளில் கிடந்த துண்டில் துடைத்து, என் தலைமாட்டில் அடுக்கினான். குப்புறப் படுத்திருந்த நான் கண்ணாடியில் பார்த்ததால் தெரிந்தது. 'பிளேடு புதுசுதான் சார்' என்றார் கப் வைக்க வந்தவர். பிளேடு புதுசுதான். ஆனால் முந்தின ஆளின் ரத்தம் பட்ட கப்பின் விளிம்பு என் கீறலின் மேல் அல்லவா உட்காரப் போகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத் துளியில் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். அலசினால் போகாது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் நம்ப முடியாது. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கட்டின முன்பணம் போனது போனதுதான்.

ஆகவே கீறி எடுப்பதற்கு ஒரு ஆளுக்கு ஒரு கப் செட், முடிந்ததும் குப்பைக்கு. சில இடங்களில் பெயர் எழுதி, "உங்க கப்பு உங்களுக்கே" என்று எடுத்து வைப்பார்கள். அதைவிடப் புதுசே மேல். குப்பைத் தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். 2016-இன் மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையிலும், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், பிளேடும் ஊசியும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவிலும் போக வேண்டும். மூன்றும் இருக்கிற இடத்தில் மற்றதும் ஒழுங்காக இருக்கும். எல்லாம் ஒரே வாளியில் கிடந்தால் அப்புறம் உங்கள் இஷ்டம்.

பெண்களுக்குப் பெண்களே வைக்கும் இடங்கள் மேலப்பாளையம், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் உண்டு. வீட்டு அறையில் நடந்தாலும் சரி, மேலே சொன்ன சட்டம் அங்கேயும் அதேதான். பக்கத்து வீட்டு மைனிதானே என்று பிளேடு உறையைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

கட்டணம் பல இடங்களில் கப் கணக்கு. எத்தனை கப் என்று படுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். முதுகில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

எந்த நாள்

இஸ்லாமிய மாதக் கணக்கில் பிறை 17, 19, 21 சிறந்த நாள் என்று நம்புகிறவர்கள் பலர். நம்பிக்கை உள்ளவர்கள் அந்த நாளிலேயே எடுக்கட்டும். ஆனால் அன்றைக்குக் கூட்டம் அலைமோதும், கை அவசரப்படும். முதல் முறை போகிறவர், அதுவும் வலிக்காக மட்டும் போகிறவர், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள். அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். நான் அதைக் கேட்டு, முந்தின இரவும் சரியாகச் சாப்பிடாமல், சித்திரை வெயிலில் பஸ் ஏறிப் போய்ப் படுத்தேன். நான்காவது கப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம் இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, ஒரு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான். பரோட்டா வேண்டாம்.

படுத்த பிறகு

வைத்தியர் முதலில் பேச வேண்டும். நான் போகும் இடத்தில் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"காலையில என்ன சாப்பிட்டிய அண்ணாச்சி?"

"ரெண்டு இட்லி."

"மாத்திரை ஏதும் புதுசா சேத்துருக்காங்களா? போன தடவ பிரஷர் கூட இருந்துச்சே."

கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். அப்புறம்தான் கையுறை. கேள்வியே கேட்காமல் கப்பை எடுக்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

குப்புறப் படுத்ததும் மருந்துத் தண்ணீரால் துடைப்பார். சில்லென்று இருக்கும். முதல் கப் கவ்வும்போது, யாரோ ஐந்து விரலாலும் சதையைச் சேர்த்துக் கிள்ளி மேலே தூக்குகிற மாதிரி இருக்கும். வலி என்று சொல்ல மாட்டேன், இழுப்பு. ஒரு நிமிடத்தில் பழகிவிடும். பழகாமல் எரிந்தால், குத்தினால், வாயைத் திறந்து சொல்லுங்கள்; வால்வைத் தொட்டால் போதும், தளர்ந்துவிடும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதற்கு இது அலகு குத்துவது இல்லை. இழுப்பு அதிகமாகி, நேரமும் அதிகமானால் கொப்புளம் வரும்.

வெறும் கப் என்றால் ஐந்திலிருந்து பத்து நிமிடம், அதோடு சரி. முதல் முறை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த முறை கீறிக்கொள்ளலாம். வெறும் கப்பே போதும் என்று நின்றுவிட்டவர்கள் நிறைய பேர். கிருமி பயமும் அவர்களுக்குக் குறைவு.

கீறுவது என்றால், மூன்று நான்கு நிமிடத்தில் கப்பை எடுத்துவிட்டு, சிவந்து திரண்ட வட்டத்தில் மெல்லிய கோடுகள் போடுவார்கள். பேனா முனையால் கிறுக்குவது மாதிரிச் சத்தமில்லாமல் நடக்கும். மேல்தோல் அளவுதான் கீற வேண்டும், ஆழம் கூடாது. மறுபடி கப். வெதுவெதுப்பாக ஒன்று ஊறுவது தெரியும். தலை சுற்றினால், காது அடைத்தால், குமட்டினால் உடனே சொல்லுங்கள். ரத்தத்தைப் பார்த்ததுமே சிலருக்கு நாடி இறங்கிவிடும். படுத்தபடியே காலை உயர்த்தி வைத்தால் சரியாகும். முடிந்ததும் துள்ளி எழ வேண்டாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

கெட்ட ரத்தம் என்கிற கதை

முடிந்ததும் கப்பைக் காட்டுவார்கள். கறுத்து, ஜெல்லி மாதிரி இருக்கும். "பாத்தியளா, எவ்வளவு கெட்ட ரத்தம்!" நானும் முதல் தடவை மிரண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கியிருந்தால் பயப்பட மாட்டீர்கள். பாத்திரத்தில் பிடித்த கொஞ்ச நேரத்தில் அதுவும் கட்டியாகத்தான் ஆகும். ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்தால் உறைவது அதன் குணம். கப்புக்குள் சில நிமிடம் கிடந்தால் யாருடைய ரத்தமும் அப்படித்தான் ஆகும், பயில்வானுடையதும் சேர்த்து. உடம்புக் கழிவைப் பிரிக்க ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன; கெட்டது மட்டும் தேடி வந்து முதுகுத் தோலில் காத்துக்கொண்டிருப்பதில்லை.

வட்டத் தடத்தின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்வதும் இந்த ரகம்தான். உறிஞ்சலில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து தோலடியில் ரத்தம் கட்டுகிறது. இழுப்பின் வேகம், வைத்திருந்த நேரம், உங்கள் தோல் இவற்றைப் பொறுத்து நிறம் மாறும். சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

தண்ணீர், மோர், நுங்குக் காலமாக இருந்தால் நுங்கு. அன்றைக்கு மூட்டை தூக்க வேண்டாம், ஜிம்முக்குப் போக வேண்டாம். கீறலின் மேல் போட்ட கட்டை ஒரு நாள் ஈரமாக்காதீர்கள், சட்டை பருத்தியாக இருக்கட்டும். கீறின இடத்தில் மஞ்சளையோ எண்ணெயையோ வீட்டு யோசனையில் அப்பாதீர்கள்; வைத்தியர் கொடுத்த மருந்து மட்டும்.

சாரல் காலத்தில் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும், ஹிஜாமாவை முடித்துவிட்டு அப்படியே குற்றாலம். கூடாது. அருவித் தண்ணீர், பல பேர் தேய்த்த எண்ணெய், கல்லில் உரசும் முதுகு எல்லாம் சேர்ந்தால் திறந்த கீறலுக்கு என்ன ஆகும்? ஆற்றுக் குளியலும் அப்படித்தான். காயம் முழுக்க மூடின பிறகு போங்கள். அதுவரை வீட்டுக் குளியல் போதும்.

கீறல் சிவந்து பரவினால், சூடாகி வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் கப் வைத்தவரிடம் போன் போட்டு "நச்சு வெளியேறுது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்ததானம் செய்கிறவராக இருந்தால் அடுத்த முறை ரத்த வங்கியில் கீறி எடுத்ததையும் தேதியையும் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் ஹிஜாமா பழக்கம் தொடங்கும் முன் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் முறை முடிந்து காசு கொடுக்கும்போது மேஜையிலிருந்து ஒரு அட்டை வரும். பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு இலவசம், குடும்பத்தோடு வந்தால் தள்ளுபடி என்று. அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து, எழுந்து உட்கார்ந்து கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். லேசாக இருந்தால் அடுத்த தடவைக்கு மட்டும் கொடுங்கள். வலி அப்படியே இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு எலும்பு மூட்டு டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்துவிடலாம். நான் போனபோது எனக்கு அங்கே சொன்னது கணக்குப் புத்தகத்துக்கு அடியில் ஒரு சாய்வுப் பலகை வைக்கச் சொல்லித்தான். வைத்த பிறகு மேலப்பாளையம் போவது வருஷத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது.